அழைப்பிதழில் போட்ட எம்.ஏ.

இரு பனுவல்களும் மனித உணர்வுகளைப் பேசுகின்றன. இது முதல் ஒற்றுமை. எந்த இரண்டைக் கொடுத்தாலும் இதை எழுதிவிடலாம், தப்பே வராது, இரண்டு கரண்ட் பில்லைக் கொடுத்தால்கூட எழுதலாம், அதில் மட்டும் மனித உணர்வு இல்லையா என்ன. இரு பனுவல்களும் இயற்கையைப் பின்புலமாகக் கொண்டுள்ளன, இது இரண்டு. இரு பனுவல்களும் தம் காலத்துச் சமுதாயத்தைக் காட்டுகின்றன, இது மூன்று. நான்காவது என்ன, நான்காவது தொண்டைவரை வந்து நிற்கிறது, பார்க்கக் கூடாது, தாளைப் பார்த்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று காலையில் பஸ் ஏறும்போதே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஐந்தாவது தெரியும், இரு பனுவல்களிலும் உவமைகள் பயின்று வருகின்றன. ஆறாவதும் தெரியும். நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி நான்கு மட்டும் இல்லை. மணி பதினொன்றே முக்கால். பரீட்சை இரண்டு மணிக்கு. இந்தக் கல்லூரியில் என்னை யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான் எங்கள் ஊரிலேயே ஒரு மையம் இருந்தும் தென்காசியிலிருந்து இவ்வளவு தூரம் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி வந்து, சைக்கிள் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள இந்தப் படிக்கட்டில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கிறேன். கல் சுடுகிறது. கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தும் சுடுகிறது. முப்பத்தைந்து வயதில் படிக்கட்டில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணுகிறவளை அந்தப் பக்கம் போகிற பெண்பிள்ளைகள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள், யாரோ ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். வீட்டில் நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன்.

கண் ஆஸ்பத்திரி என்பது நல்ல யோசனைதான், நாள் முழுக்க ஆகும், மருந்து விட்டு உட்கார வைப்பார்கள், போனை எடுக்காவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் சாயங்காலம் திரும்பிப் போகும்போது கண் கலங்கலாக இருக்க வேண்டும், அதற்கு என்ன செய்ய, பஸ்ஸில் வரும்போது நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான், அல்லது பரீட்சை எழுதி முடித்தால் தானாகவே கலங்கிவிடும். ஹால் டிக்கெட்டை நான்காக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். இப்படியெல்லாம் மூளை வேலை செய்கிறது, நான்காவது ஒற்றுமைக்கு மட்டும் செய்யமாட்டேன் என்கிறது. சரி, ஒற்றுமை போகட்டும், வேற்றுமைக்கு வருவோம் என்றால் அங்கே அதைவிடக் கேவலம். இந்த நோட்ஸ் யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது, எத்தனையோ வருஷமாகக் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கிடக்கிறது, நடுவில் கோடு போட்டு இடது பக்கம் ஒற்றுமை, வலது பக்கம் வேற்றுமை. எந்தக் கேள்வி வந்தாலும் இதையே எழுதலாம், பனுவலின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். போன மாதம் விண்ணப்பம் கொடுக்க வந்தபோது அவசரத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன், மறுநாள் மாடியில் வடகம் காயப்போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் வலது பக்கம் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருக்கிறது. தாளைச் சரியாக வைக்காமல் அடித்திருக்கிறான். முதல் பனுவலில் தலைவியின் தனி, என்று நிற்கிறது. தனிமையா, தனித்தன்மையா. இரண்டாம் பனுவலில் ஆசிரியர் தம், என்று நிற்கிறது. ஆசிரியர் தம் என்னத்தையோ செய்கிறார். திரும்பப் போய்ச் சண்டை போட முடியுமா, என்னவென்று சொல்லிவிட்டு மறுபடி பஸ் ஏறுவது. இந்த ஒரு மாதமாக வெட்டுப்பட்ட வாக்கியங்களை நானே முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தோசை வார்க்கும்போது ஒரு மாதிரி முடிகிறது, துணி மடிக்கும்போது வேறு மாதிரி முடிகிறது.

எல்லாம் அப்பாவால் வந்தது. இல்லை, அப்பாவைச் சொல்லக் கூடாது, போய்ச் சேர்ந்த மனுஷர். ஆனாலும் அப்பாவால்தான். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு விடுதியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்குகிறேன், வீட்டில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு தயாராக இருக்கிறது, இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் முடிவாகி அச்சடித்தே முடித்துவிட்டார்கள். தங்க எழுத்து. சௌபாக்கியவதி சா. உலகம்மாள், எம்.ஏ. என் பேரை நான் அதுவரை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை, கல்லூரியில் அந்தப் பேரைச் சொல்லவே கூச்சப்பட்டு உலகு, உலகு என்று சொல்லித் திரிந்தவள், அந்த எம்.ஏ. பக்கத்தில் நின்றதும் பேருக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. "ரிசல்ட் இன்னும் வரலியேப்பா" என்றேன். "எழுதியாச்சுல்லா, வராம எங்க போவுது? மாப்பிள்ளைக்கு டி.எம்.இ. போட்டிருக்கு, உனக்கு வெறும் பி.ஏ. போட்டா நல்லாவா இருக்கும், எம்.ஏ. படிக்க வச்சேன்னு நாலு பேருக்குத் தெரியாண்டாமா" என்றார் அப்பா. அறுநூறு பத்திரிகை. அறுநூறு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நான் எம்.ஏ. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்திருந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய்ப் பார்த்தேன், பத்தொன்பது தாளில் பதினெட்டு பாஸ், ஒப்பிலக்கியம் இரண்டாம் தாள், பனுவல் ஒப்பாய்வு, நாற்பத்தொன்று. ஐம்பது வேண்டும். கடைப் பையன் "பிரின்ட் எடுக்கணுமாக்கா" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு உறுத்திக்கொண்டிருந்தது, மஞ்சள் வாடை, அந்த வாடை இப்போதும் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் முகம் தூக்கியிருப்பார்கள், பிறகு மறந்திருப்பார்கள். அடுத்த நவம்பரில் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், நவம்பரில் குழலி வயிற்றில், அடுத்த ஏப்ரலில் குழலி கையில். அதற்குள் அந்த வீட்டில் நான் எம்.ஏ. தமிழ் ஆகிவிட்டேன். பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது மாமா, "நாங்க என்னத்தச் சொல்ல, எம்.ஏ. தமிழ் வீட்ல இருக்கு, அதுவே வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார், நானும் கார்குழலி என்று வைத்தேன், எல்லாரும் அடேயப்பா என்றார்கள். தெருவில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வாசகம் என்னிடம்தான் வரும். காதுகுத்துக்கு, பூப்புனித நீராட்டுக்கு, புதுமனை புகுவிழாவுக்கு எல்லாம் நான்தான். பம்பு மோட்டார் கடை வைத்திருக்கும் இவர் வீட்டு வாசலில் ஒரு கிரானைட் பலகை பதித்தார், மேலே எஸ். குற்றாலிங்கம், டி.எம்.இ., கீழே கு. உலகம்மாள், எம்.ஏ. கல்லில் வெட்டியாகிவிட்டது. கல்லில் வெட்டினதைத் தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது பார்க்கிறேன், சில நாள் தண்ணீரை அதன்மேல் வேண்டுமென்றே ஓங்கி ஊற்றுகிறேன், அது இன்னும் பளபளவென்று தெரிகிறது. குழலி பள்ளிக்கூடத்தில் அம்மாவின் படிப்பு என்ற கட்டத்தில் எழுதுகிறாள். அவள் எழுதும்போது பக்கத்தில் நின்று நான் பார்க்கிறேன். அவளுக்குப் பதினோரு வயது, பொய் சொன்னால் அடிப்பேன் என்று அவளை மிரட்டி வைத்திருப்பதும் நான்தான்.

இரண்டு முறை திருட்டுத்தனமாக எழுதினேன். ஒரு முறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, அப்போது அம்மா நிஜமாகவே நன்றாக இருந்தாள், அடுத்த மாதம் படுத்துவிட்டாள், நான் சொன்னதால்தான் என்று கொஞ்ச நாள் உறக்கம் இல்லை. நாற்பத்து நான்கு. இன்னொரு முறை தோழி வீட்டு வளைகாப்பு என்று சொல்லிவிட்டு, வளையல் போடாமல் திரும்பினால் சந்தேகம் வரும் என்று பஸ் ஸ்டாண்டில் நானே கண்ணாடி வளையல் வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். அதில் முப்பத்தொன்பது. ஏறவேண்டியது இறங்குகிறது. மற்ற பதினெட்டும் எப்படிப் பாஸானேன், இலக்கணம் அறுபத்தெட்டு, அதெல்லாம் இருப்பதை இருக்கிறபடி எழுதுவது. இது அப்படி இல்லை, முன்பின் பார்க்காத இரண்டைக் கொடுத்து ஒப்பிடு என்கிறான். கல்லூரியில் உள்தேர்வுத் தாளில் மேடம் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்கள், நீங்கள் ஒப்பிடவில்லை, அடுத்தடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்த வரி போகவே மாட்டேன் என்கிறது. அடுத்தடுத்து வைத்திருக்கிறீர்கள். அடுக்களையில் டப்பாக்களைப் பார்த்தாலும் வருகிறது, கட்டிலில் இரண்டு தலையணையைப் பார்த்தாலும் வருகிறது. அடுத்தடுத்து வைக்காமல் வேறு எப்படி ஒப்பிடுவது, ஒன்றுக்குள் ஒன்றை வைக்க முடியுமா. போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் அறிவிப்புப் போட்டுவிட்டார்கள், பழைய பாடத்திட்டத்தில் தேறாதவர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு, இதிலும் தவறினால் பதிவு ரத்து. பதினெட்டுத் தாளும் சேர்த்து ரத்து. கல்லில் வெட்டினது மட்டும் இருக்கும்.

"எம்மா, நீங்களும் ஒப்பிலக்கியமா?" என்ற குரல் கேட்டு நிமிர்ந்தேன். அறுபது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் தூக்குச்சட்டி, பையில் மூன்று பேனா. இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டார். சுடலைமுத்து என்று அவராகவே சொன்னார், சொந்த ஊரில் பஞ்சாயத்து ஆபீசில் எழுத்தராக இருந்து ரிட்டயர் ஆனவராம். "பதினாலு தடவை எழுதிட்டேன். பேப்பர் திருத்துதவங்களே ரெண்டு செட்டு ரிட்டயர் ஆயிருப்பாவ" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்ப பாஸாகி என்ன சார் செய்யப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன், கேட்டபிறகுதான் அது எவ்வளவு கெட்ட கேள்வி என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. "ஒண்ணுஞ் செய்யாண்டாம். வீட்ல பரீட்சைன்னா காலைல துன்னூறு பூசி, தயிர்ச்சோறு கட்டிக் குடுத்து, சின்னப்புள்ளயை அனுப்புத மாதிரி அனுப்புதா. அது நல்லாத்தானே இருக்கு" என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது, அந்தத் தூக்குச்சட்டியைப் பார்க்கவே பொறாமையாக இருந்தது. அவர் வீட்டுக்குப் போய் ஊத்திக்கிச்சு என்று சொல்வார், அந்த அம்மா சரி விடுங்க என்பாள், அவ்வளவுதான். என் பையில் இருப்பது சோறு இல்லை, ஒரு கூலிங் கிளாஸ், கண்ணுக்கு மருந்து விட்டதுபோல் காட்ட எடுத்து வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அதே எழுத்து. அதே நடுக்கோடு. "உங்களுக்கும் வலது பக்கம் வெட்டுப்பட்டிருக்கா சார்?" "எல்லாருக்கும் அப்படித்தாம்மா. இந்தா அங்க நிக்கான் பாருங்க சகாய மாதா படம் போட்ட டீ-ஷர்ட்டோட, அவனுக்கும் அப்படித்தான். அந்தக் கடைக்காரன்ட்ட இருக்க மூலமே வெட்டுப்பட்டதுதான். எவன்ட்டயும் வேற்றுமை கெடையாது." இத்தனை பேரும் இன்றைக்கு ஒரே ஆறு ஒற்றுமையை எழுதப் போகிறார்கள், திருத்துகிறவர் பத்தாவது தாளிலேயே வெறுத்துப்போய் அடுத்தவர்களுக்கு எண்ணிப் பார்க்காமல் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று போட்டுக்கொண்டே போவார். "நாலாவது ஒற்றுமை என்ன சார்?" என்றேன். "நாலாவதா, இருங்க..." என்று வானத்தைப் பார்த்தார், உதடு அசைந்தது, "எனக்கு அஞ்சாவதுதாம்மா ஞாபகம் இருக்கு" என்றார். பிறகு கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

மாதிரி வினாவையாவது ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். அதே தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது, முதலாவது பழைய பாட்டு, ஒரு பெண் தன் காதலைத் தாய்க்குத் தெரியாமல் மறைக்கிறாள், தாய்க்குத் தெரிந்தேயிருக்கிறது, ஆனால் தாய் ஒன்றும் கேட்காமல் மகளின் கூந்தலுக்கு எண்ணெய் வைத்துவிடுகிறாள். இரண்டாவது புதுக்கவிதை, ஒருவன் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்குகிறான், மழை வரும்போதெல்லாம் அந்தக் குடையின் கீழ் இப்போது யார் நிற்பார்கள் என்று யோசிக்கிறான். எண்ணெய்க்கும் குடைக்கும் என்ன சம்பந்தம். இரு பனுவல்களும் மனித உணர்வுகளைப் பேசுகின்றன. ஐயோ. கேள்வியின் கடைசியில் ஒரு கிளைக்கேள்வி இருக்கிறது, தாயின் மௌனம் எதைக் காட்டுகிறது, பத்து மதிப்பெண். ஒரு மாதமாக அதற்கு நான் எழுதிப் பார்த்திருக்கும் விடை தாயின் பெருந்தன்மையைக் காட்டுகிறது என்பது, அரைப் பக்கம் இழுத்துவிடலாம். ஆனால் அந்தப் பெண் அந்த நேரத்தில் என்ன நினைத்தாள் என்று ஏன் யாரும் கேட்கவில்லை, தலையில் அம்மாவின் விரல் ஊர்கிறது, இவள் உள்ளே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தெரிந்திருக்குமோ, தெரிந்திருக்காது, தெரிந்திருக்குமோ. எனக்கு அது தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். இவர் ராத்திரிச் சாப்பாட்டில் தலை நிமிர்ந்து என் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால் போதும், இன்றைக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், இதோ கேட்கப் போகிறார், இதோ. அவர் "ரசத்துல உப்பு கம்மி" என்பார். போன வாரம் கொழுந்தன் அருணாசலத்தின் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதினேன், பரீட்சைக்கு ஏழு நாள் இருக்கும்போது. தங்கள் நல்வரவை நாடும் என்ற வரிசையில் எங்கள் இருவர் பேரும் வரும், இவர் பேருக்குப் பிறகு டி.எம்.இ. எழுதினேன், என் பேர் எழுதி ஒரு காற்புள்ளி வைத்தேன், பேனா அங்கேயே நின்றுவிட்டது. பாஸானால் நானே பிரஸ்ஸுக்குப் போன் போட்டுச் சேர்க்கச் சொல்லலாம் என்று ஏதோ ஒரு கணக்கு, ரிசல்ட் வர மூன்று மாதம் ஆகும், கல்யாணம் அடுத்த மாதம் என்பது அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை. காற்புள்ளியையும் அடித்துவிட்டு அப்படியே கொடுத்தேன். ஒரு நாளாவது, ஒரு தாளிலாவது, உள்ளபடி இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் இருந்தது. ஒன்றரை மணி ஆகிவிட்டது. நான்காவதைப் பார்த்துவிட வேண்டியதுதான், சட்டமாவது கிட்டமாவது என்று தாளைத் திருப்பப் போனபோது போன் அடித்தது. இவர்.

எடுக்காமல் விட்டால் மருந்து விட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார், ஆனால் விரல் பழக்கத்தில் எடுத்துவிட்டது. "ஏட்டி, பிரஸ்ல நிக்கேன், புரூஃப் பாத்துக்கிட்டிருக்கேன். உன் பேருக்குப் பொறத்தால எம்.ஏ.வ விட்டுட்டியே" என்றார். பின்னால் மெஷின் தடதடவென்று ஓடும் சத்தம். "தெரிஞ்சுதான் விட்டேன்" என்றேன். "ஏன்?" "சும்மாதான். பேரு மட்டும் இருந்தாப் போதாதா." "நல்லாருக்கே. பொண்ணு வீட்டுப் பக்கத்துல அத்தன பேருக்கும் பட்டம் போட்டிருக்கு, எம்.பி.ஏ.வாம் எம்.ஃபில்லாம். நம்ம பக்கத்துல நீ ஒருத்தி. உனக்கும் இல்லன்னா எப்பிடி?" எதிரே சுடலைமுத்து சார் சாப்பிட்டு முடித்துக் குழாயடியில் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து உதறுகிறார், தண்ணீர் தெறிக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே, யாரோ சொல்வதுபோல், "நான் எம்.ஏ. இல்லங்க. ஒரு பேப்பர் போயிட்டு, அப்பவே" என்றேன். பன்னிரண்டு வருஷமாக இந்த வாக்கியத்தை எத்தனை மாதிரிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அழுதுகொண்டே, காலில் விழுந்து, கடிதம் எழுதி வைத்துவிட்டு, அத்தனையும் விட்டுவிட்டு இப்படி வந்துவிட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அதான் தெரியும்லா" என்றார். எனக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. "என்ன தெரியும்?" "மார்க் லிஸ்ட்டு தபால்ல கடைக்குல்லா வந்துது, கல்யாணம் முடிஞ்சி நாலஞ்சு மாசத்துல. மோட்டார் கேட்லாக்குக்குள்ள வச்சேன். பொறவு கடைய மாத்தயில எங்க போச்சோ." "ஏன் ஒரு வார்த்த சொல்லல?" "என்னத்தச் சொல்ல? பத்திரிகைல போட்டாச்சு, ஊருக்குக் குடுத்தாச்சு. இனி இருக்கா இல்லையான்னு எவன் வந்து பாக்கப் போறான்? இன்னைக்கும் நீ பரீட்சைக்குத்தான போயிருக்க, கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஹால் டிக்கெட்டு வச்சிருந்தத காலைல பாத்தேன். எழுதிட்டு வா. எழுதினாலும் போடத்தான் போறோம், எழுதாட்டியும் போடத்தான் போறோம். சரி, வரயில குழலிக்குக் காம்பஸ் பாக்ஸ் வாங்கிட்டு வந்துரு, உடைச்சிட்டாளாம். வையி, பிரஸ்காரரு நிக்காரு." வைத்துவிட்டார்.

வெயில் படியிலிருந்து என் மடிக்கு ஏறிவிட்டது. மணி அடித்தார்கள், எல்லாரும் எழுந்து போகிறார்கள், சுடலைமுத்து சார் "வாங்கம்மா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு முன்னால் போகிறார், நானும் எழுந்தேன், கைக்குட்டையை எடுக்க மறந்து திரும்பி வந்து எடுத்தேன். சந்தோஷப்பட வேண்டும் இல்லையா. தெரிந்தும் திட்டவில்லை, அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை, மாமா அத்தையிடம் மூச்சுவிடவில்லை, வேறொருத்தர் என்றால் பந்தி வைத்துப் பேசியிருப்பார்கள். நல்ல மனுஷர். இது இடது பக்கம். வலது பக்கம், கேட்லாக்குக்குள் வைத்தேன், எங்கே போச்சோ. என் நாற்பத்தொன்று மோனோபிளாக் பம்புக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கும் நடுவில் கிடந்து, கடை மாற்றும்போது பழைய பேப்பரோடு பேப்பராகப் போயிருக்கிறது. அவர் தினமும் அதே சோற்றைச் சாப்பிட்டு, ரசத்தில் உப்பு கம்மி என்று சொல்லி, நான் எதிரே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், அல்லது பார்க்கவே இல்லை. எது என்று தெரியவில்லை. பார்த்தும் விட்டாரா, பார்க்கவே இல்லையா, இரண்டில் எது எனக்கு நல்லது என்றும் தெரியவில்லை. அம்மாவை நோயாளியாக்கி, எனக்கு நானே வளையல் போட்டுக்கொண்டு, கண்ணைத் தேய்க்கத் திட்டம் போட்டு, இவ்வளவும் யாருக்காக. எழுதினாலும் போடுவார்கள், எழுதாவிட்டாலும் போடுவார்கள். பயம் போய்விட்டது, நிஜமாகவே போய்விட்டது, தொட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பயம்தான் என்னை விடிகாலையில் எழுப்பியது, மாடிக்கு அனுப்பியது, பஸ் ஏற்றியது. அந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது, அழுகை வருகிறது, வராண்டாவில் பையை வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டேன். கண் நன்றாகக் கலங்கிவிட்டது, இனி அதற்கு அவசியம் இல்லை.

ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம். எனக்கு முன்னால் சுடலைமுத்து சாரின் வழுக்கை. கண்காணிப்புக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, வினாத்தாளைக் கொடுக்கும்போது "ஆல் தி பெஸ்ட் மேம்" என்று மெல்லச் சொன்னாள். இரண்டு பாட்டு. நிதானமாக, அவசரமில்லாமல் இரண்டையும் படித்தேன், ஒன்றில் ஒருத்தி கணவன் வருவதற்காக விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறாள், மற்றதில் ஒரு ரயில்வே கேட்காரன் பச்சைக் கொடியை மடித்து வைக்கிறான். தாளின் நடுவில் அடிக்கோலை வைத்து மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று எழுதினேன். மூன்றுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நான்காவது வந்தது, தேடாமலே, யாரோ பக்கத்தில் நின்று சொல்வதுபோல். இரு பனுவல்களிலும் சொல்லாமல் விடப்பட்டவை உள்ளன. அதையும் எழுதினேன், ஐந்து, ஆறு எழுதினேன். அந்தப் பெண் வந்து என் பதிவெண்ணைச் சரிபார்த்து மூலையில் கையெழுத்துப் போட்டாள், கோட்டுக்கு வலப்புறம் காலியாக இருப்பதை ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.